வலி சார்

தாம்பரம் சண்முகம் சாலை மார்க்கெட்டில் ஆல்வின் முதன்முதலாகப் பிரசங்கம் செய்த செவ்வாய்க்கிழமை, அங்கே நின்றிருந்த பதினொரு பேருக்கு வலி நின்றுபோனது. நான்கு பல்வலி, மூன்று முழங்கால், இரண்டு ஒற்றைத் தலைவலி, ஒரு குதிகால், ஒரு பிரசவத் தையல். செங்கல்பட்டு லோக்கல் ரயில் அன்று இருபது நிமிடம் தாமதம் என்பதால் கூட்டம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆல்வின் மட்டும் தாடையைப் பிடித்துக்கொண்டு, நொண்டிக்கொண்டே சிட்லபாக்கம் ஏரிக்கரையில் தான் குடியிருந்த மாடி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டார். பாவம், வேறு என்ன நினைப்பார்?

அவர் பிலிப்பைன்ஸ்காரர். இலோயிலோ என்ற துறைமுக ஊரிலுள்ள ஒரு சின்னத் திருச்சபை அவரை ஊழியத்துக்கு அனுப்பியிருந்தது. நாற்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை, கையில் ஒரு மெகாபோன். சரசு என்ற பூக்காரம்மாவின் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நின்று பேசுவார். மாதாமாதம் சபைக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் ஒரே கேள்விதான்: எத்தனை பேர் உங்கள் செய்தியைக் கேட்டார்கள்? கூடியவர்கள் கணக்கில்லை, கேட்டவர்கள்தான் கணக்கு. ஆல்வினுக்குப் பொய் எழுத வராது. ஆறு மாதமும் பூஜ்யம் என்றே எழுதினார். வருடம் முடிவதற்குள் ஒருவராவது கேட்காவிட்டால் ஊருக்குத் திரும்பிவிடலாம், வருத்தப்பட வேண்டாம் என்று போதகர் அன்பாகப் பதில் போட்டிருந்தார். அந்த அன்புதான் அவரைப் படுத்தி எடுத்தது.

இத்தனைக்கும் பிரசங்கத்தில் குறை ஒன்றும் இல்லை, ஓர் எழுத்தைத் தவிர. ‘உங்கள் வழியை அவரிடம் கொடுத்துவிடுங்கள்’ என்று ஆரம்பிப்பார். அவர் ஊர்ப் பேச்சில் ழ கிடையாது, ஆகவே வழி அவர் வாயில் வலி ஆயிற்று. ‘அவரிடம்’ என்னும்போது பக்தி மேலிட்டு உள்ளங்கையைத் தன் நெஞ்சில் வைத்து அழுத்துவார். வலிகளுக்கு இலக்கணம் தெரியாது. கை காட்டிய இடத்துக்குப் போயின.

வலி போனதும் ஜனங்கள் கீரைக்கட்டைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்கள். அடுத்த வாக்கியத்துக்கு, அதாவது காணாமல்போன ஆட்டின் கதைக்கு, ஒருவரும் நிற்கவில்லை. இரண்டே மாதத்தில் ‘வலி சார்’ என்று பெயர் விழுந்தது. ஷேர் ஆட்டோ ஜெயவேலு, “வலி சார் ஸ்டாப்பிங்லாம் எறங்கு!” என்று கூவத் தொடங்கினான். திருமுடிவாக்கம் பட்டறைகளிலிருந்து விரல் நசுங்கியவர்கள் ஷிப்ட் முடிந்து வந்தார்கள். தையல் வேலை செய்யும் மெஹர் பானு மாதம் இருமுறை முதுகுவலியோடு வந்து வெறும் முதுகோடு திரும்பினார். ஆல்வினுக்கு அழுகையும் எரிச்சலும் மாறி மாறி வந்தன. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “நில்லுங்கள்! நான் இன்னும் முடிக்கவில்லை!” என்று கத்தியே விட்டார்.

“அதான் சரியாப் பூட்ச்சே சார், அப்பறம் இன்னா?” என்றான் ஜெயவேலு, குணமான தோளைச் சுழற்றிக்கொண்டே.

ஏழாவது மாதம், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே ஆல்வின் சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் சுப்ரஜா தலையிலிருந்து கால்வரை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். எல்லாம் சுத்தமாக இருந்தது. ஆனால் இருபது வருடம் முன்பே பிடுங்கிப் போட்ட கடைவாய்ப் பல் வலித்தது. நசுங்காத விரல்கள் பத்தும் தெறித்தன. மாதவிடாய் வலி என்று கேஸ் ஷீட்டில் எழுதிய சுப்ரஜா, சற்று யோசித்து, அதை அடித்துவிட்டு வைரல் ஃபீவர் என்று எழுதினார். அப்படி மார்க்கெட்டில் என்னதான் பேசுகிறார் என்று கேட்டபோது, ஆல்வின் படுத்தபடியே முதல் வாக்கியத்தைச் சொன்னார்.

“சார், நீங்க சொல்ல நினைக்கிறது ரூட்ங்கிற அர்த்தத்துல வழியா? நீங்க சொல்றது வலி சார். பெயின்.”

ஆல்வின் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஊர் நடுவில் நின்று இத்தனை நாளும் வலியைக் கொடு, வலியைக் கொடு என்றா கேட்டுக்கொண்டிருந்தோம் என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

பத்து நாளில் வலிகள் வடிந்தன. அதன்பின் அவர் ஏரியைச் சுற்றி நடந்து ழ பழகினார். நடைப்பயிற்சிக்கு வந்த ரிட்டயர்டு ஆசாமிகள், நாக்கை மடியுங்கள் என்றும், மடிக்காதீர்கள் உருட்டுங்கள் என்றும் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவர்களே வாழைப்பழத்தை வாளப்பளம் என்பவர்கள். மூன்று வாரத்தில் ழ வந்துவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, கையை நெஞ்சில் வைத்து, பிசகில்லாத ழகரத்தில், வழியைக் கொடுத்துவிடுங்கள் என்றார். முப்பத்தேழு பேர் கொடுத்துவிட்டார்கள். மெஹர் பானுவுக்கு முதுகுவலி அப்படியே இருந்தது, வீடு எந்தப் பக்கம் என்பதுதான் மறந்துவிட்டது. ஜெயவேலு ஆட்டோவைக் கேளம்பாக்கம் வரை ஓட்டிப்போய், அங்கே நிறுத்திவிட்டு அழுதான். ஆல்வினுக்கோ எந்தச் சந்து முட்டுச்சந்து, எந்த கேட்டுக்குப் பின்னால் நாய் என்பது வரை எல்லாம் தெரிந்தது. ஜெயவேலுவைப் போனிலேயே வழி சொல்லித் திருப்பினார். மற்றவர்களை ஒவ்வொருவராகக் கைபிடித்துக் கூட்டிப்போய் விட்டார். வாசலை மிதித்ததும் வழி அவரவரிடம் திரும்பியது. திட்டும் ஒவ்வொரு வாசலிலும் கிடைத்தது.

“வலியே தேவலாம் சார். இது இன்னா சார் பேஜாரு!” என்றான் ஜெயவேலு.

பொழுது சாயும்போது மெகாபோனை எடுக்க மார்க்கெட்டுக்கு வந்தார். ஊருக்குத் திரும்ப டிக்கெட் போட வேண்டியதுதான் என்று முடிவு செய்துவிட்டிருந்தார். சரசு மிச்ச மல்லியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, உங்களுக்கு வீடு நினைவிருக்கிறதா?”

“ஏன் இல்லாம? எனுக்கு ஒண்ணியும் ஆவல.”

“ஏன் ஆகவில்லை?”

“நீ இன்னா சார் சொன்ன? அவர்கிட்ட குடுன்னுதானே? உன்கிட்ட குடுன்னியா? நான் மொத நாளே அவர்கிட்ட குட்த்துட்டேன்.” மல்லிச்சரத்தோடு கையை வானத்துக்கு நீட்டினாள்.

“வலி போயிற்றா?”

“எங்க போவுது? முட்டி அப்படியேதான் கீது. அவருக்கு ஆயிரம் வேல இருக்கும், வர்றப்ப வருவாரு. அத்த வுடு. அந்த ஆடு காணாப் பூட்ச்சுன்னியே, அது கெட்ச்சுதா இல்லியா? ஜனம் கலைஞ்சதும் நீ பாதியிலயே நிறுத்திக்கினு பூட்ற. ஏழு மாசமா கேட்டுக்கினு கீறேன்.”

ஆல்வின் கவிழ்த்துப்போட்ட தக்காளிக் கூடையின்மேல் உட்கார்ந்தார். மெகாபோன் இல்லாமல், ஆடு கிடைத்த கதையைச் சொல்லி முடித்தார். “அப்பாடா” என்றாள் சரசு. அந்த மாத அறிக்கையில் ஒருவர் என்று எழுதினார். டிக்கெட் போடவில்லை.

மறுவாரம், கையை மேலே காட்டுவது என்ற தீர்மானத்தோடுதான் வந்தார். காட்டினால் வலி, வழி இரண்டிலும் தொல்லை இல்லை. ஆனால் முன்வரிசையில் மெஹர் பானு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நிமிர முடியாமல் நின்றிருந்தார். பாதி உயர்ந்த கை அப்படியே இறங்கி நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. உங்கள் வலியை அவரிடம் கொடுத்துவிடுங்கள் என்றார், தெளிவான லகரத்தில். ஆல்வினின் முதுகு பிடித்துக்கொண்டது. மெஹர் பானு நிமிர்ந்து, ஒரு சலாம் வைத்துவிட்டு, நிற்காமல் போனார். மற்றவர்களும் போனார்கள். ஆல்வினுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. முதுகைப் பிடித்தபடி பூவண்டிப் பக்கம் திரும்பி, இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்கினார். லோக்கல் அன்று சரியான நேரத்துக்கு வந்தது.