எழுபதுக்குக் கீழே

வாசலில் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த பேக்கரிக்காரர், ஆய்வுக்கூடத்திலிருந்து வந்திருந்த நால்வரில் நெட்டையன் கைக்கடிகாரத்தைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பதை மூன்றாவது தடவையாகப் பிடித்துவிட்டார். சுருக்கென்று கோபம் வந்தது. விடியற்காலையில் கண்ணை மூடிய அவர் மனைவி உள்ளே கிடக்கிறாள். பத்தொன்பது வருடம் அவளோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் குப்பை கொட்டியவனுக்கு ஒரு மணி நேரம் உட்கார முடியவில்லையாக்கும்!

நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கிட்டே போனவருக்கு, முகத்தைப் பார்த்ததும் கோபம் தணிந்தது. அது கிளம்பத் துடிக்கிறவன் முகம் இல்லை. அடுப்பில் ரொட்டித் தட்டை வைத்துவிட்டு வந்தவன் முகம். அவரே எத்தனையோ கல்யாண வீடுகளில் அப்படி உட்கார்ந்திருக்கிறார்.

"நைட்ரஜன் ஊத்தணுமா?" என்று கேட்டார்.

நெட்டையன் நெளிந்தான். பிறகு மென்று விழுங்கிச் சொன்னான். விண்மீன்கள் பிறக்கிற மேகங்களிலிருந்து வரும் மெல்லிய அலைகளைப் பிடிக்க அவள் நான்கு வருடமாகக் கட்டிய ரிசீவர், மூன்று நாளாகக் குளிர்ந்துகொண்டிருக்கிறது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திரவ நைட்ரஜன் ஊற்றாவிட்டால் சூடேறிவிடும். முழுக்கச் சூடாற விட்டு, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, மறுபடி குளிரவைக்க இரண்டு வாரம். மலைமேல் இருக்கும் தொலைநோக்கிக்குத் திங்கட்கிழமை ஒரு ரிசீவர் போக வேண்டும். இவளுடையது சோதித்து முடியாவிட்டால் வேறொரு கூடத்தில் செய்தது போகும்.

பேக்கரிக்காரருக்கு அதற்கு மேலும் தெரியும். இருதயம் கெட்டதிலிருந்து அவளுக்குக் கை நடுங்கியது. ஆனாலும் தலைமுடியைவிட மெல்லிய கம்பியை நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து அவளேதான் ஒட்டினாள். அந்தம்மாவின் கை சரியில்லை, வேறு ஆளை வைத்துச் செய்யுங்கள் என்று மேலிடத்திலிருந்து கடிதமே வந்தது. அவள் அதை நாலாய் மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தாள். விண்மீன் அலையை மூடிவிடாதபடி கருவியின் சொந்த இரைச்சல் எழுபதுக்குக் கீழே வரட்டும், அப்புறம் பேசட்டும் என்றாள். அந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் அவளுக்கிருந்த ஒரே ஆசை.

"எந்திரிங்க. நாலு பேரும் போங்க. ஊத்திட்டு, சோதிச்சும் பாத்துருங்க."

உள்ளேயிருந்து கொழுந்தியாள் ஓடி வந்தாள். "பொணத்த வச்சுக்கிட்டு இவங்கள வேலைக்கு அனுப்புறீங்களே மாமா, ஊர் என்ன பேசும்?"

"உங்கக்கா இருந்தா இவங்கள ஒக்கார விட்டிருப்பாளா? செருப்பு மாட்டக்கூட விடாம வெரட்டியிருப்பா."

அழுது வீங்கிய முகத்தோடு அவள் கொஞ்சம் சிரித்துவிட்டாள். அவர்கள் போனார்கள்.

போன பிறகுதான் அவருக்கு அது உறைத்தது. எண்பது, தொண்ணூறு என்று வந்தால்? கடிதம் எழுதியவர்கள் சொன்னதுதான் சரியென்று ஆகிவிடுமே. செத்தவளைத் தானே போய்க் காட்டிக்கொடுத்த மாதிரி இருக்குமே. பேசாமல் இருந்திருக்கலாம் என்று நூறு தடவை நினைத்தார். யார் வந்து கையைப் பிடித்தாலும் அவர் காது சட்டைப்பையிலிருந்த போனிலேயே இருந்தது.

நாலு மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு. வண்டி வந்து நின்றது. தூக்குகிறவர்கள் உள்ளே வந்து குனிந்தபோது போன் அடித்தது.

"அண்ணே, மூணு தடவ பாத்துட்டோம்," என்றான் நெட்டையன். அப்புறம் எண்ணைச் சொன்னான்.

அவர் போனை வைத்தார். தூக்குகிறவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, மனைவியின் காதருகே குனிந்தார்.

"அறுபத்தி நாலாம்."

பிறகு நிமிர்ந்து, அவர்களுக்கு வழி விட்டு நின்றார்.