சிலிண்டருக்கு மேலே சீறியது

ஒரு காய்ச்சலோடு எனக்கு வாசனை தெரியாமல் போனது. காய்ச்சல் போய்விட்டது, வாசனை திரும்பி வரவில்லை. வேறு தொழிலாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். நான் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். கேஸ் கசிந்தால் பூண்டு நாற்றம் அடிக்கும். அது தெரியாதவன் சிலிண்டர் பக்கத்தில் நிற்பது நெருப்போடு விளையாடுகிற கதை.

தொழிலை விட்டுவிடச் சொல்லி என் மனைவி நச்சரிக்கத் தொடங்கினாள். அவளுடைய அண்ணன்தான் பட்டறையில் என் கூட்டாளி. அந்த மச்சானுக்கு மூக்கு பிரமாதம், காதுதான் மந்தம். கிரைண்டர் பிடித்துப் பிடித்துப் பாதி போய்விட்டது. "அவர் மூக்கு, என் காது. ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழு ஆளு" என்று சொல்லி அவள் வாயை அடைத்து வைத்திருந்தேன்.

அந்தக் காதுக்கும் சோதனை வந்தது. ஒரு சாயங்காலம், மெஷின்களை நிறுத்தி ஷட்டரை இறக்கப் போகிற நேரத்தில், பின்சுவரோரம் நிற்கும் சிலிண்டர்கள் பக்கமிருந்து "ஸ்ஸ்ஸ்" என்று சத்தம் வந்தது. கேஸ் கசிகிற சத்தம் அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும்.

"மச்சான், கேக்குதா?"

"என்ன கேக்கணும்?"

"கேஸ் போற சத்தம்."

அவர் ஒவ்வொரு சிலிண்டராகக் குனிந்து மோந்து பார்த்தார். "ஒரு வாடையும் இல்ல மாப்ள. வீட்டுக்குக் கிளம்பு."

சந்தேகம் வந்தால் எங்கள் தொழிலில் சோப்புத் தண்ணீர்தான். வால்விலும் குழாயிலும் தடவினால், கசிகிற இடத்தில் குமிழி கிளம்பும். தடவினேன். பேருக்குக்கூட ஒரு குமிழி வரவில்லை. ரெகுலேட்டரை மாற்றினேன், குழாயை மாற்றினேன். சாயங்காலம் ஆனதும் மறுபடி "ஸ்ஸ்ஸ்". கடைசியில் சிலிண்டர்காரரை வரச் சொன்னேன். அவர் பட்டப்பகலில் வந்து, கிரைண்டர் அலறுவதற்கு நடுவே காதை வைத்துக் கேட்டார். பிறகு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"சிலிண்டர் நல்லாத்தான் இருக்கு. எதுக்கும் டாக்டர்கிட்ட காத காட்டுங்க" என்றார். போகிற போக்கில் என் மனைவியிடமும் போட்டுக்கொடுத்துவிட்டார்.

அன்று மாலையே அவள் பட்டறைக்கு வந்து நின்றாள். கையில் புதுப் பூட்டு.

"மூக்குதான் போச்சுன்னு பாத்தா, இப்ப காதும் போச்சாம். இனிமே எத நம்பி உங்கள இங்க அனுப்புறது? இன்னிக்கோட பூட்டிடலாம்."

இல்லாத சத்தம் கேட்கிறவனுக்கு இருக்கிற சத்தம் கேட்கும் என்று யார் நம்புவார்கள்? அவள் பக்கம் நியாயம் இருந்தது, அதுதான் வலித்தது. இரும்பை விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது.

"ஒரே ஒரு தடவ நீயும் உக்காந்து கேளு. கேக்கலைன்னா நானே பூட்டிடறேன்" என்றேன்.

மடியில் பூட்டை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். மச்சான் மின்விசிறியையும் நிறுத்தினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வந்தது.

அவள் சட்டென்று எழுந்தாள். "கேக்குதுங்க."

எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. கேஸ் கசிகிறதென்று ஓட வேண்டிய நேரத்தில், "கேக்குதா? நெஜமாவே கேக்குதா?" என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவள்தான் என்னையும் அண்ணனையும் பிடித்து இழுத்துக்கொண்டு, ஷட்டர் இறக்கியிருந்ததால் பின்வாசல் வழியாக வெளியே ஓடினாள்.

பின்னால் புதர் மண்டிய காலி மனை. இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. புதர்களுக்கு மேலே வெள்ளையாக ஒன்று தாழ்வாக மிதந்து வந்தது. நேராக எங்கள் பின்சுவருக்கு வந்து, சிலிண்டர்கள் நிற்கும் இடத்துக்கு மேலே உடைந்திருந்த ஓட்டையில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தது. இரண்டாக நறுக்கிய ஆப்பிள் போல முகம், அதில் விதை மாதிரி இரண்டு கறுத்த கண்கள். அலகில் ஒரு எலி. ஓட்டைக்குள்ளிருந்து "ஸ்ஸ்ஸ்" என்று பல குரல்கள் ஒன்றாகக் கிளம்பின. எலி உள்ளே போனதும் கொஞ்சம் அடங்கின.

"கூகைங்க, வெள்ள ஆந்தை" என்றாள் மனைவி. "குஞ்சு பொரிச்சிருக்கு. பசியில சீறுதுங்க."

மச்சானுக்கு உரக்கச் சொல்லிப் புரியவைத்தோம். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்ப சோப்புத் தண்ணிய அதுங்க வாயிலதான் தடவியிருக்கணும் மாப்ள."

நான் சிரிக்கவில்லை. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு அழகு அது. ஓட்டையில் குஞ்சுகள் முட்டிமோதி வந்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி எங்களை நோட்டம் விட்டன. தாய் மறுபடி கிளம்பி என் தலைக்கு நேர் மேலே பறந்தது. கிளம்பும்போது முதுகின் பொன்னிறமும், மேலே வந்ததும் அடிவயிற்று வெள்ளையும் நன்றாகத் தெரிந்தன. கையை நீட்டினால் எட்டிவிடும், அவ்வளவு பக்கத்தில் இறக்கை அடித்தது. என் காதில் ஒன்றுமே விழவில்லை.

நிஜமாகவே காதும் போய்விட்டதா? மச்சானுக்குக் கேட்காதபடி மனைவியிடம் கேட்டேன். "இறக்கை சத்தம் உனக்குக் கேட்டுச்சா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எதற்குக் கேட்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எனக்கும் கேக்கலங்க" என்றாள். "ஆந்தை பறந்தா சத்தமே வராது."

பூட்டை என் கையில் வைத்தாள்.

"ஷட்டருக்குப் போடுங்க. பழைய பூட்டு துருப்பிடிச்சுக் கெடக்கு, காலையில தொறக்க மல்லுக்கட்டணும். அதுங்க சீறுற நேரத்துல கேஸ் போனாலும் தெரியாது, அப்ப மட்டும் சோப்புத் தண்ணி தடவிப் பாத்துக்குங்க."