ஒரு பக்க மனு

கோர்ட்டுக்கு எதிரே, கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் பூல்ஸ்காப் தாளும் மையும் முத்திரையும் விற்கிறவன் நான். பெயர் அப்துல் அஜீஸ். எனக்குப் பக்கத்தில் மேசை போட்டு மனு எழுதுகிறவர்கள் நன்றாக எழுதுகிறார்களா என்பது எனக்கு முக்கியமில்லை. நிறைய எழுத வேண்டும், அவ்வளவுதான். அந்த விதத்தில் முகம்மது சுல்தான் அண்ணனைப் போன்ற மனிதர் பினாங்கிலேயே கிடையாது.

சுல்தான் அண்ணன் எழுதும் இங்கிலீஷ் மனு பதினான்கு பக்கத்துக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. முதல் பக்கம் மன்னரின் ஆயுளுக்குப் பிரார்த்தனை. இரண்டாம் பக்கம் கவர்னரும் அவர் குடும்பமும். மூன்றும் நான்கும் மனுவை வாங்கப்போகும் துரையின் கருணையைப் பற்றி. ஐந்தாம் பக்கத்தில்தான் மனுதாரர் தலைகாட்டுவார். வந்தவுடன் துரையின் செருப்புத் தூசிக்குக்கூடத் தாம் சமமில்லை என்று சொல்லிவிட்டு, மூன்று பக்கம் அழுவார். அவருக்கு என்ன வேண்டும் என்பது பன்னிரண்டிலோ பதின்மூன்றிலோ எங்காவது கிடக்கும். ஒருமுறை ஓர் ஆள் தன் மனுவை என்னிடம் கொடுத்து, தான் என்ன கேட்டிருக்கிறேன் என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். எனக்கும் அகப்படவில்லை.

சுல்தான் அண்ணனிடம் வருஷம் தவறாமல் வருகிறவர் சித்தி ஆயிஷா அக்கா. துறைமுகத்துக்குப் போகும் சந்து முனையில், சாக்கடைமேல் பலகை போட்டு, சோறும் மீன் குழம்பும் விற்பவர். கப்பல் வேலைக்குப் போன புருஷன் ஜபருல்லா திரும்பி வரவில்லை. மூன்று பெண்பிள்ளைகள். அந்தக் கடைதான் நான்கு பேருக்கும் சோறு. வாடகைக்கு இடம் பிடிக்க வழியில்லை. வருஷத்துக்கு ஒருமுறை கடையை எடுக்கச் சொல்லி நோட்டீசு வரும். சுல்தான் அண்ணன் பதினான்கு பக்கம் எழுதுவார். அதற்கப்புறம் அடுத்த வருஷ நோட்டீசு வரைக்கும் ஒருவரும் வந்து எட்டிப் பார்க்கமாட்டார்கள். ஒன்பது வருஷம் இப்படியே ஓடியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில் கனகசுந்தரமும் எங்கள் அஞ்சடியில் மனு எழுத மேசை போட்டு வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு சர்க்கார் ஆபீசில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்து பென்ஷன் வாங்கியவர். வருகிற மனுக்களையெல்லாம் வாசித்து, துரைக்கு நாலு வரியில் சுருக்கிக் கொடுப்பது அவர் வேலை. முப்பது வருஷம் மோசமான எழுத்தை வாசித்த மனுஷனுக்கு எவ்வளவு கோபம் சேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கோபத்தையெல்லாம் விதிகளாக்கி, ஓர் அட்டையில் அழகாக எழுதி, தூணில் மாட்டினார். மனு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. கேட்பதை முதல் வரியிலேயே கேட்க வேண்டும். ஒரு தடவைக்கு மேல் கெஞ்சக் கூடாது. நிரூபிக்க முடியாததைச் சொல்லக் கூடாது. எழுதி முடித்ததும் முதல் வேலையாகப் பாதியை வெட்ட வேண்டும்.

தினமும் காலையில் என்னிடம் வந்து ஒரு தாள் வாங்குவார். ஒரே ஒரு தாள். எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை. மறைப்பானேன்.

ஆனால் அவர் எழுதிய மனுக்களுக்குப் பதில் வந்தது. வண்டி லைசென்சு கேட்டவருக்கு நான்கே நாளில் லைசென்சு வந்தது. சுங்கை பாக்காப் தோட்டத்திலிருந்து வந்த ஒருவருக்குப் பிடித்து வைத்திருந்த சம்பளம் வந்தது. சுல்தான் அண்ணனுடைய மேசைக்கு முன்னால் வெயில்தான் உட்கார்ந்திருந்தது. அவரும் அந்த அட்டையை ஒருநாள் நின்று நிதானமாக வாசித்துவிட்டு, ரொம்ப நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்த வருஷ நோட்டீசு வந்ததும் ஆயிஷா அக்கா கனகசுந்தரத்திடம் போனார். வருஷா வருஷம் பயந்து சாவதைவிட, ஒரேயடியாக அனுமதி வாங்கிவிட்டால் நிம்மதி என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அதில் தப்பில்லை. கடை எப்போது போட்டது, பலகை எவ்வளவு நீளம், யாரைக் கேட்டுப் போட்டது என்று கனகசுந்தரம் விசாரித்தார். அக்கா புருஷனைப் பற்றி ஆரம்பித்தார். அதை நிரூபிக்க முடியாது என்று கனகசுந்தரம் வெட்டினார். பிள்ளைகளைப் பற்றி ஆரம்பித்தார். சாக்கடைக்கும் பிள்ளைகளுக்கும் சம்பந்தமில்லை என்று அதையும் வெட்டினார். கடைசியில் எழுதிய மனுவை நான் வாசித்தேன். சாக்கடைமேல் ஆறடிக்கு இரண்டடி பலகை போட்டு, அனுமதி இல்லாமல் ஒன்பது வருஷமாகச் சோற்றுக்கடை நடத்துகிறேன், அனுமதி தரவேண்டும். அதற்குக் கீழே கைநாட்டு. அவ்வளவு தெளிவான மனுவை நான் அதற்கு முன் வாசித்ததில்லை. போலீசில் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம்கூட அவ்வளவு தெளிவாக இருக்காது.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. அதுவும் தெளிவாக இருந்தது. அனுமதி கிடையாது, பதினான்கு நாளில் கடையை எடுக்காவிட்டால் எடுக்கப்படும். கனகசுந்தரம் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, நல்ல கடிதம், ஒரு சொல்கூட அநாவசியமில்லை என்றார். சொன்ன பிறகுதான் எதிரே அக்கா நிற்பதைக் கவனித்தார்.

ஆயிஷா அக்கா கத்தவில்லை. ஒன்பது வருஷமாக எடுக்காத கடையை இப்போது ஏன் எடுக்கச் சொல்கிறார்கள் என்று மட்டும் கேட்டார். பதில் சுல்தான் அண்ணனிடம் இருந்தது.

“என் மனுவை எவனும் வாசிச்சதில்ல லா. வாசிச்சிருந்தா ஆயிஷா கடை என்னைக்கோ போயிருக்கும். நான் வாசிக்கிறதுக்கா எழுதுறேன்? பதில் வராம இருக்கத்தான் எழுதுறேன்.”

மனுவைச் சுருக்கிக் கொடுக்கும்வரை அந்த விஷயத்தில் யாரும் கைவைக்கக் கூடாது என்பது ஆபீசுச் சட்டமாம். சுருக்க வேண்டிய கிளார்க்குக்கு மூன்றாம் பக்கத்தைத் தாண்ட முடியாது. மனு அலமாரியில் தூங்கும். கடை சந்தில் நடக்கும். எந்த ஆபீசு என்று கனகசுந்தரம் மெல்லக் கேட்டார். சுல்தான் அண்ணன் ஆபீசின் பெயரைச் சொன்னார். அது கனகசுந்தரம் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்த ஆபீசு. பதினான்கு பக்க மனுக்கள் ஒன்பதையும், நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம் என்று அலமாரியில் போட்டவர் அவரேதான். அவருடைய முகம் வெளிறிப்போனது. பிடிக்காத ஆள்தான், ஆனாலும் அந்த முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அன்று மத்தியானமே அவர் சுல்தான் அண்ணன் மேசைக்கு எதிரே, வாடிக்கைக்காரர் உட்காரும் முக்காலியில் போய் உட்கார்ந்தார். மேல்முறையீடு ஒன்று எழுதித் தாருங்கோ, உங்கட பாணியில் என்றார். சுல்தான் அண்ணன் பழசை ஒன்றும் குத்திக்காட்டவில்லை. இரண்டு நாள் எழுதினார். பத்தொன்பது பக்கம். சட்ட விவரம் ஏதாவது தப்பாக இருக்கிறதா என்று பார்க்கக் கனகசுந்தரத்திடம் கொடுத்தார். நான்காம் பக்கத்தில் அவருடைய கை தானாகப் பென்சிலுக்குப் போனது. சுல்தான் அண்ணன் பென்சிலை வாங்கித் தம் காதில் சொருகிக்கொண்டார். பிறகு கனகசுந்தரம் வெறுங்கையோடு பத்தொன்பது பக்கத்தையும் வாசித்தார். நடுவில் இரண்டு தடவை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். எனக்குத் தாள் நன்றாக விற்றது. அதில் சந்தோஷப்பட்டதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

மூன்றே நாளில் பதில் வந்தது. கனகசுந்தரத்தின் நாற்காலியில் இப்போது அப்புத்துரை என்ற இளைஞன் இருந்தான். நான்கு வருஷம் கூடவே வைத்துக்கொண்டு கனகசுந்தரம் பழக்கிய ஆள். பத்தொன்பது பக்கத்தையும் அவன் ஒரே வரியில் சுருக்கியிருந்தான்: புதிய காரணம் எதுவும் கூறப்படவில்லை. துரை கையெழுத்துப் போட்டுவிட்டார். கனகசுந்தரம் நேரில் போய்ப் பேசிப் பார்த்தார். அப்புத்துரை எழுந்து நின்று, நாற்காலி இழுத்துப் போட்டு, ஐயா சொல்லிக்கொடுத்தபடிதான் செய்தேன் என்று மரியாதையாகச் சொல்லியனுப்பினான். திரும்பி வந்து கனகசுந்தரம் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்.

“பொடியன் நல்லாப் பழகிட்டான்.”

பதினைந்தாம் நாள் காலையில் நான்கு ஆட்கள் வந்து பலகையைப் பெயர்த்தார்கள். அவர்களில் இரண்டு பேர் முந்தின நாள்வரை அங்கே சாப்பிட்டவர்கள்; தலையைத் தூக்காமல் வேலை செய்தார்கள். ஆயிஷா அக்கா அண்டாவையும் தட்டுகளையும் சுவரோரம் அடுக்கிவிட்டு, எங்கே போவது என்று தெரியாமல் நின்றார். கனகசுந்தரம் ஒரு கைவண்டியோடு வந்தார். வண்டிக்காரனைப் பார்த்து, எல்லாத்தையும் ஏற்று, கிங் ஸ்ட்ரீட்டில் என்ட வீட்டுக்குப் போகவேணும் என்றார்.

அது அவருடைய சொந்த வீடு. முன் கூடத்தைக் காலி செய்து வைத்திருந்தார். வாசலுக்கு உள்ளே யார் சோறு விற்றாலும் சாக்கடை ஆபீசுக்காரர்கள் கேட்க முடியாது. ஆனால் அவர்கள் சைவக் குடும்பம். அந்த வீட்டுக்குள் அன்றுவரை ஒரு கருவாட்டுத் துண்டுகூட நுழைந்ததில்லை. அவருடைய மனைவி ஞானாம்பிகை சாமி விளக்கைப் பின்னறைக்கு மாற்றி, நடுக்கதவைச் சாத்திக்கொண்டு, நான்கு நாள் புருஷனோடு பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். ஐந்தாம் நாள் கதவைத் திறந்து, அந்தப் பிள்ளைகள் மத்தியானம் சாப்பிட்டார்களா என்று விசாரித்தாராம்.

முதல் நாள் வண்டிக்குப் பின்னாலேயே நானும் போயிருந்தேன். அண்டாவை இறக்கி வைத்ததும் ஆயிஷா அக்கா கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு நேராகக் கேட்டார்.

“ஐயா, அந்த ஒன்பது வருஷமும் எங்க மேல இரக்கப்பட்டுத்தான் பேசாம இருந்தீங்களா?”

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அக்கா நம்பியிருப்பார். நானும் நம்பியிருப்பேன். கனகசுந்தரம் அதைச் சொல்லவில்லை.

“இல்லைத் தங்கச்சி. எனக்கு அதை வாசிக்கப் பஞ்சியா இருந்தது. வாசிச்சிருந்தால் முதல் வருஷமே எடுக்கச் சொல்லியிருப்பன்.”

அக்கா தலையை ஆட்டினார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

“உங்க சோம்பேறித்தனத்துலதான் என் பிள்ளைங்க மூணும் வளர்ந்துச்சு. உங்க சுறுசுறுப்புல கடை போச்சு. உங்களுக்கு நன்றி சொல்றதா, உங்களைத் திட்டுறதான்னு எனக்கு இன்னும் தெரியல ஐயா. தெரியுற வரைக்கும் இங்கதான் இருப்பேன்.”

கனகசுந்தரம் சரி என்றார். குனிந்து அண்டாவின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். அதில் மீன் வாடை அடித்தது. அக்கா மறுபக்கத்தைப் பிடித்தார்.