மல்லாட்டைக் குவியலைச் சுற்றி

மரியதாஸ் உபதேசியார் ஆண்டவரிடம் யோசனை கேட்கிற வழக்கம் வைத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் தாமே யோசித்து, நோட்டில் கோடு போட்டு எழுதி முடித்துவிட்டு, நகரசபை மேர் ஆபீசில் மனுவை நீட்டுகிற மாதிரி கையெழுத்துக்கு மட்டும் ஆண்டவர் முன்னால் நீட்டுவார். இத்தனைக்கும் ஆள் தங்கம். புதுச்சேரியில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தவர். நிழலில் உட்கார்ந்து பிழைக்கிற பிழைப்பை விட்டுவிட்டு, வேதம் சொல்லிக்கொடுக்கிறேன் என்று கரையாம்புத்தூருக்கு வந்து வெயிலில் அலைந்தார். குறை ஒன்றே ஒன்றுதான். அச்சுக்கூடத்தில் ஒவ்வோர் எழுத்தும் அதனதன் அறையில் கிடக்கும். மனுஷர்களும் அப்படிக் கிடப்பார்கள் என்று அவர் நம்பினார்.

1934ஆம் வருஷத்து நோட்டின் முதல் பக்கத்திலேயே இப்படி எழுதியிருந்தார்: பாஸ்குத் திங்கட்கிழமை, காலை எட்டு மணி, கரையாம்புத்தூர், இருபத்து மூன்று பேருக்கு ஞானஸ்நானம். ஈஸ்டரைத்தான் பாஸ்கு என்பார்கள். தேதியின் கீழே பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே, யாருக்கு எத்தனை மந்திரம் மனப்பாடம் என்ற குறிப்பு. கலியம்மாள் என்ற பெயருக்கு நேரே மட்டும் 'மந்தம்' என்று ஒரே சொல். கலியம்மாளுக்கு முப்பது வயதிருக்கும். நாள் முழுக்க நாற்றுக் கட்டு சுமந்துவிட்டு, விளக்கு வைத்த பிறகு நடக்கிற வகுப்புக்கு வந்து உட்காருவாள். உபதேசியார் பரமண்டல மந்திரத்தை ஆரம்பிப்பதற்குள் சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவாள்.

பங்குச் சாமியார் பிரெஞ்சுக்காரர். அவருக்குத் தாடியும் கறாரும் ஒரே நீளம். பாஸ்குக்கு முந்தின தவசு காலம் தொடங்கியபோதே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"மூன்று வருஷம் ஆகிவிட்டது மரியதாசு. பாஸ்குத் திங்களன்று நான் வருகிறேன். இருபது பேராவது செபம் சொல்லிக்கொண்டு என் முன்னால் நிற்க வேண்டும். நின்றால் அங்கே சிலுவை நட்டு, கோயிலுக்கு இடம் குறிப்பேன். இல்லாவிட்டால் நீ அச்சுக்கூடத்துக்கே திரும்பிப் போகலாம்."

இருபது கேட்கிறார், நம்மிடம் இருபத்து மூன்று இருக்கிறது என்று உபதேசியார் பூரித்துப்போனார். குளத்தங்கரையில் இடம் பார்த்தார். பனஞ்சட்டத்தில் பன்னிரண்டடிச் சிலுவை ஒன்று செய்யச் சொல்லி, வீட்டுக்குப் பின்னால் கிடத்தி வைத்தார். அவர் மனைவி ரோசம்மாள் அதைத் தாண்டித் தாண்டித்தான் விறகு எடுக்கப் போக வேண்டியிருந்தது.

ரோசம்மாள் செல்லிப்பட்டுக்காரி, கூலி வேலை செய்து வளர்ந்தவள். அவள்தான் முதலில் கேட்டாள்.

"இன்னாங்க, பங்குனியில போயி நாள் குறிச்சிருக்கீங்க? ஆத்துக்கு அந்தாண்ட இறவ மல்லாட்ட புடுங்குற காலமாச்சே. சனங்க வூட்ல இருக்குமா?"

வேர்க்கடலையை அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வார்கள்.

"எல்லாரும் வாக்குக் கொடுத்திருக்காங்க ரோசம்மா. பாஸ்கு எப்ப வரணும்னு நானா முடிவு பண்றேன்? திருச்சபை முடிவு பண்ணுது."

"அது சரி. மல்லாட்ட எப்ப முத்தணும்னு வெயிலு முடிவு பண்ணுமே. அத்த யாரு கேக்கறது?"

உபதேசியார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெண்சாதி சொன்னது சரியாக இருக்கும் என்று தோன்றும்போதெல்லாம் அவருக்கு முக்கியமான வேலை ஏதாவது வந்துவிடும்.

பெரிய வெள்ளிக்கு மூன்று நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை காலையில், கடைசியாக ஒரு தரம் எல்லாரையும் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று சேரிக்குப் போனார். தெரு வெறிச்சோடிக் கிடந்தது. படல்கள் எல்லாம் கயிறு போட்டுக் கட்டியிருந்தன. கோழிக் கூண்டுகூட இல்லை. கால் ஊனமான செல்லக்கண்ணு மட்டும் வேப்பமரத்தடியில் நாலு ஆட்டுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தான்.

"எங்கடா எல்லாரும்?"

"மல்லாட்டைக்குப் போய்ட்டாங்க உபதேசியாரே. இந்த வருசம் வெயிலு காச்சல் சாஸ்தி, பத்து நாள் முன்னாடியே முத்திடுச்சாம். மண்ணு இறுகிட்டா காயெல்லாம் உள்ளயே நின்னுடும்னு ஆளு வந்து சொன்னாரு. ஞாயித்துக்கிழமையே புள்ளகுட்டியோட கெளம்பிட்டாங்க. ஒங்கள்ட்ட சொல்லச் சொன்னாங்க. இந்தக் காலோட எங்க வந்து சொல்றது?"

மூன்று வருஷ வேலை, இருபத்து மூன்று பெயர், பன்னிரண்டடிச் சிலுவை. அத்தனையும் ஒரு மல்லாட்டைச் செடியிடம் தோற்றுப்போனதா? அங்கேயே நின்று வானத்தைப் பார்த்து, "உமக்காகத்தானே ஆண்டவரே செய்தேன்? ஒரு வாரம் பொறுக்கக் கூடாதா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். செல்லக்கண்ணு தன்னைத்தான் கேட்கிறாரென்று எண்ணி, "நான் இன்னா பண்ணட்டும் உபதேசியாரே?" என்றான்.

மல்லாட்டை விளைகிற கொல்லை ஆற்றுக்கு அப்பால் இங்கிலீசு எல்லையில் இருந்தது. உபதேசியார் குடையை எடுத்தார், பையைத் தோளில் போட்டார். அத்தனை பேரையும் ஓட்டிக்கொண்டு வராமல் திரும்புவதில்லை என்று கிளம்பிவிட்டார். எல்லைச் சாவடியில் சேவகன் பையைத் துழாவி ஒரு குப்பியை வெளியே எடுத்தான். சாராயம் மலிந்த பிரெஞ்சு எல்லையிலிருந்து குப்பியோடு வருகிறவனை எந்தச் சேவகன் சும்மா விடுவான்?

"சரக்கா?"

"தீர்த்தம்."

சேவகன் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தான். நாக்கில் ஒரு சொட்டு விட்டும் பார்த்தான். "வெறும் தண்ணிய்யா!" என்று ஏமாந்துபோய்த் திருப்பிக் கொடுத்தான். உபதேசியாருக்கு இருந்த கோபத்தில் சிரிப்புக்கூட வரவில்லை.

கொல்லையை எட்டியபோது உச்சி வெயில். செடியைப் பிடுங்குகிற வேலை காலையிலேயே முடிந்திருந்தது. புங்கமரத்து நிழலில் ஆள் உயரத்துக்குச் செடியைக் குவித்து, அதைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அறுபது எழுபது பேர் இருக்கும். அவருக்குத் தெரிந்த முகம் பாதிக்கும் குறைவு. மற்றவர்கள் பாகூர், செல்லிப்பட்டு, இன்னும் எங்கெங்கிருந்தோ வந்த கூலிக்காரர்கள். அத்தனை பேர் இருந்தும் சத்தமே இல்லை. காய் கூடையில் விழுகிற சத்தமும் ஒரே ஒரு பெண்பிள்ளையின் குரலும்தான் கேட்டன.

"குளிரு காயறதுக்குன்னு நெருப்பாண்ட வந்து குந்துனாரு பேதுரு. ஒரு வேலக்காரப் பொண்ணு உத்துப் பாத்தா. இந்த ஆளும் சேசுவோட இருந்தவன்தான்னு சொல்லிட்டா. இவரு இன்னா சொன்னாரு தெரியுமா? யாரு, எனக்குத் தெரியாதுன்னுட்டாரு. கூடவே துன்னவரு, கூடவே படுத்தவரு! தெரியாதாம்!"

"அடப்பாவி!" என்றாள் எதிரே இருந்த ஒருத்தி. அவள் கை மட்டும் ஆய்ந்துகொண்டேயிருந்தது.

சொல்லிக்கொண்டிருந்தது கலியம்மாள். உபதேசியார் திட்டுவதற்காகத் திறந்த வாய் திறந்தபடியே நின்றது. அவர் புத்தகத்தில் இருக்கிற பாடம்தான். ஆனால் அவர் இரவில் கேள்வியும் பதிலுமாகச் சொன்னபோது அதற்கு இந்த உயிர் இருந்ததே இல்லை.

கலியம்மாள் நிமிர்ந்து பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள். "வாங்க உபதேசியாரே, நல்ல சமயத்துல வந்தீங்க! பேதுரு தெரியாதுன்னப்போ சேவலு எத்தினி தரம் கூவிச்சு? நான் ரெண்டுன்றேன். தோ, நம்மூரு பொண்ணு இவ ஒண்ணுதான்னு சொன்னீங்கன்றா."

உபதேசியார் மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். ஒரு சுவிசேஷத்தில் இரண்டு தரம், மற்ற மூன்றிலும் ஒரு தரம். இரண்டையும் வெவ்வேறு நாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

"ரெண்டும் சரிதான்" என்றார் மெதுவாக. "நீ தூங்கிக்கிட்டுல்ல இருந்தே, கலியம்மா?"

"கண்ணுதான் தூங்கும் உபதேசியாரே. காது தூங்குமா?"

வட்டம் முழுவதும் சிரித்தது. அவருக்குச் சுருக்கென்றது. குடையை மடக்கிக்கொண்டு, வந்த காரியத்தைச் சொன்னார். திங்கட்கிழமை சாமியார் வருகிறார், எல்லாரும் ஊரில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கோயில் இல்லை, தாமும் அச்சுக்கூடத்துக்குப் போக வேண்டியதுதான் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

காய் விழுகிற சத்தம் நின்றுபோயிற்று. கரையாம்புத்தூர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த வேலைக்குக் கூலி மல்லாட்டைதான். ஆடி வரைக்கும் வீட்டில் அடுப்பெரிவது அதை நம்பித்தான். பாதியில் விட்டுப் போனால் அடுத்த வருஷம் கூப்பிடவும் மாட்டார்கள்.

கலியம்மாள் மடியிலிருந்த காய்களைக் கூடையில் கொட்டிவிட்டு எழுந்தாள்.

"நீங்க வான்னா வந்துடறோம். எங்களுக்காவ மூணு வருசம் அலஞ்சீங்க. ஒங்க பொழப்பு போவுதுன்னா, ஒரு வருசத்துக் கூலி போனாப் போவுது. ஆனா ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. சாமி எங்களப் பாக்க வர்றாரா, எங்க வூட்டப் பாக்க வர்றாரா? எங்களத்தான்னா, அவர இங்க இட்டாந்துடுங்களேன்."

கலியம்மாளுக்கு அடுத்து உட்கார்ந்திருந்த காசம்மாள் பாகூர்க்காரி. மூன்று நாளைக்கு முன்பு வரை சேசு என்ற பெயரையே கேட்டறியாதவள். அவளும் தலையை நீட்டினாள். "இவங்கள இட்டுக்கினு போய்ட்டா மிச்சக் கதைய எங்களுக்கு யாரு சொல்லுவா? புடிச்சிக்கினு போனாங்களே, அப்புறம் அவரு இன்னாதான் ஆனாரு?"

உபதேசியாருக்கு அப்போதுதான் புரிந்தது. மூன்று வருஷமாக, உழைத்துக் களைத்த சனங்களை இராத்திரியில் கூட்டி வைத்து, தூங்குகிறார்கள் என்று திட்டினோம். இங்கே பொழுது முழுக்கக் கை வேலை செய்கிறது, காது சும்மா இருக்கிறது. கேட்கிறதற்கு எழுபது பேர் காத்திருக்கிறார்கள். ஆண்டவர் ஞாயிற்றுக்கிழமையே இவர்களோடு ஆற்றைத் தாண்டி வந்துவிட்டார். நாம்தான் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு காலித் தெருவில் அவரைத் தேடிக்கொண்டிருந்தோம். நினைக்க நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, சொன்னால் நம்பமாட்டீர்கள், சந்தோஷமாகவும் இருந்தது.

'வா' என்று ஒரு சொல் சொன்னால் போதும், கோயில் வந்துவிடும், உத்தியோகமும் நிலைத்துவிடும். அவர் அதைச் சொல்லவில்லை. குடையை மரத்தில் சாய்த்துவிட்டு, கலியம்மாளுக்கும் காசம்மாளுக்கும் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு செடியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"யாரும் எங்கேயும் போக வேணாம். உக்காரு கலியம்மா, விட்ட இடத்துலேர்ந்து சொல்லு. தப்பு வந்தா நான் சொல்றேன்."

வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் அங்கேயே இருந்தார். தப்பு அதிகம் வரவில்லை. விரல்நுனிதான் கொப்புளித்துப்போயிற்று.

பெரிய வெள்ளிக்கிழமை வழிபாடு முடிந்ததும் பங்குச் சாமியார் முன்னால் போய் நின்றார்.

"சாமி, திங்கட்கிழமை கரையாம்புத்தூரில் ஒரு குஞ்சுகூட இருக்காது."

சாமியார் தாடியை உருவிக்கொண்டு பார்த்தார். "நான் சொன்னது நினைவிருக்கிறதா?"

"இருக்கு சாமி. அச்சுக்கூடத்துக்குப் போகச் சொன்னா இன்னிக்கே போறேன், மனசில ஒரு வருத்தமும் இல்லை. ஆனா திங்கட்கிழமை ஆத்தைத் தாண்டி வந்து ஒரு தரம் பாருங்க. நான் போட்ட திட்டம் ஒண்ணுகூட நடக்கலை. நடக்கிறது அதைவிடப் பெரிசா இருக்கு."

மூன்று வருஷத்தில் இந்த ஆள் இவ்வளவு நிம்மதியாகப் பேசிச் சாமியார் கேட்டதில்லை. "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

பாஸ்கு ஞாயிறன்று பூசையிலிருந்து வந்ததும் உபதேசியார் ரம்பத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனார். பன்னிரண்டடிச் சிலுவை அறுபட்டு, ஓர் ஆள் தோளில் வைத்துக்கொண்டு நடக்கிற அளவுக்கு வந்தது. ரோசம்மாள் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிச்சத்த அங்க வையுங்க, அடுப்புக்கு ஆவும். நாளைக்கி நானும் வர்றேன். மல்லாட்ட ஆயறதுல ஒங்களுக்கு இன்னா தெரியும்?" என்றாள்.

திங்கட்கிழமை காலை சாமியாருடைய வண்டி ஆற்று மணலில் புதைந்துகொண்டது. அவர் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தே வந்தார். புங்கமரத்தடியில் ஒரு கோணி மூட்டையில் உட்கார்ந்து, ஒவ்வொருவராகக் கேள்வி கேட்டார். கலியம்மாள் முறை வந்தபோது இரண்டே கேள்வி கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு, அவள் சொல்வதையே கேட்டுக்கொண்டிருந்தார். சேவகன் ருசி பார்த்த அந்தத் தீர்த்தத்தில்தான் இருபத்து மூன்று பேருக்கும் ஞானஸ்நானம் நடந்தது. முடிந்ததும் காசம்மாள் சொல்லி வைத்தாற்போல் எழுந்து நின்று, "எங்களுக்கு எப்ப சாமி?" என்றாள். அவளுக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள்.

சாமியார் நாற்பது பேரையும் எண்ணிப் பார்த்தார். பெயர்களைப் பதிய உபதேசியாரின் நோட்டை வாங்கிப் புரட்டியவர் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"கலியம்மாள், மந்தம். இது என்ன?"

"அது என்னைப் பத்தி எழுதினது சாமி. தப்பான பேருக்கு நேரே எழுதிட்டேன்."

சாமியார் சிரித்தார். அவர் பல்லை அன்றைக்குத்தான் பலர் முதல் தடவையாகப் பார்த்தார்கள்.

"சரி, அச்சுக்கூடத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும். சிலுவையைக் கரையாம்புத்தூரில் நடுவதா, இங்கேயா? உன் திட்டம் என்ன, சொல்."

எப்போதும் பதிலை மடித்துப் பையில் வைத்திருக்கும் மனுஷர் அன்று கலியம்மாள் பக்கம் திரும்பினார்.

"அடுத்த கொல்லை எந்தப் பக்கம் முத்தியிருக்கு, கலியம்மா?"

"கெழக்காண்டங்க. வியாழக்கெழம கெளம்பறோம்."

உபதேசியார் குனிந்து, அறுத்துக் கொண்டுவந்திருந்த சிலுவையைத் தூக்கித் தோளில் வைத்துப் பார்த்தார். கனம் சரியாக இருந்தது.

"வியாழக்கிழமை கிழக்கே போறோம் சாமி. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது."