எண்ணாமல் விட்ட பிள்ளை

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் முனிரத்தினம் சொன்னது. ஒரகடம் வருவதற்குள் பாதி சொன்னார், இறங்கிவிட்டார். மறுநாள் மீதியைக் கேட்டால், "இன்னா கதை?" என்றார். அதனால் மீதி என் தலையில்.

2

முதல் ஆரம்பம்: பிள்ளைப்பாக்கத்துக்கு அப்பால், ஏரிக்கரைமேல், கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி

(வேண்டாம். கதிரவனுக்கு இதில் வேலை இல்லை. கையும் வலிக்கிறது.)

இரண்டாவது: 1991. பிள்ளைப்பாக்கத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு சிற்றூர். பஸ் கிடையாது. மனு கொடுக்கப் போனவர்களிடம், "உங்க ஊர்ல ஜனம் கம்மிப்பா. தலை எண்ண வராங்க, ஏறினா பார்க்கலாம்" என்றார் அதிகாரி.*

*அப்படி ஒரு விதி உண்டா, எனக்குத் தெரியாது. ஆளைத் திருப்பி அனுப்ப வசதியான விதி.

அலைந்தவர் சூளையில் செங்கல் அறுக்கும் தணிகாசலம். மகள் லீலாவுக்காக. ஊர்ப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு சரி. ஆறாவதுக்கு ஸ்ரீபெரும்புதூர் போக வேண்டும். ஆளில்லாத ஏரிக்கரையில் பெண்ணைத் தனியே நடக்க விடமாட்டேன் என்றாள் அவர் மனைவி பாப்பம்மாள். பஸ் வந்தால் பள்ளிக்கூடம், வராவிட்டால் சூளை.

"தொட்டில்ல கீற கொயந்தயக்கூட வுடாம சொல்லுங்க" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போனார்.

3

கணக்கெடுக்க வெளியூரிலிருந்து அமலா டீச்சர் வந்தார்.

"எத்தனை பிள்ளைங்கம்மா?"

"புள்ளயே இல்ல டீச்சர்" என்றாள் பாப்பம்மாள்.

உள்ளே லீலா பாத்திரம் துலக்கும் சத்தம்.

"அது யாரு?"

"எங்கண்ணன் மவ. விருந்தாட வந்துகீது."

(இந்த இடத்தில் பாப்பம்மாளை நான் நம்பவில்லை. தாய் அப்படிச் சொல்வாளா? பேனாவை மூடிவைத்துவிட்டு யோசித்தேன். அந்த ஊரில் பிள்ளைகளை வாய்விட்டு எண்ண மாட்டார்கள், கண்ணு பட்டுவிடும். நாலு பெற்றவள் மூன்று என்பாள். லீலாவுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. ஒன்றே ஒன்று வைத்திருப்பவள் வேறு என்ன சொல்வாள்?)

4

கூட்டிப் பார்த்தால், போன முறையைவிட ஊர் சுருங்கியிருந்தது.

"நாளைக்குத் திரும்ப வருவேன். விட்டவங்களைச் சேர்க்கலாம். அதோட சரி" என்றார் டீச்சர்.

தணிகாசலம் தெருவில் நின்று கத்தினார். "இன்னா புத்திம்மா இது? பெத்தத மறைச்சி இன்னா பண்ணப்போறீங்க?"

எதிர்வீட்டு மரகதம் முறத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஊருக்கே புத்தி சொல்லு மாமா! உன் பொண்டாட்டி புள்ளயே இல்லன்னு சொல்லிகினு கீது. மொதல்ல அத்த சொல்லச் சொல்லு. அப்பால நாங்க சொல்றோம்."

அவர் வீட்டுக்குள் போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்று

(தெரியாது. முனிரத்தினம் இந்த இடத்தில்தான் இறங்கினார்.)

5

பாப்பம்மாள் சொல்கிறாள், பஸ் வருகிறது, லீலா படிக்கிறாள். இப்படி எழுதிப் பார்த்தேன். லீலாவைக் கலெக்டர் ஆக்கும்வரை பேனா நிற்கவில்லை. அடித்துவிட்டேன்.

பாப்பம்மாள் சொல்கிறாள், அந்த வாரமே லீலாவுக்குக் காய்ச்சல்

இதை முடிக்கவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

பாப்பம்மாள் சொல்லவில்லை. இதை எழுதவே வேண்டாம், தானாக நடக்கும்.

6

டீச்சர் வந்துவிட்டார். தெருப் பெண்கள் எல்லாம் பாப்பம்மாள் வாசலைப் பார்க்கிறார்கள்.

"சொல்லும்மா, எத்தனை?"

"நீ சொல்லேன்" என்றாள் அவள் கணவரிடம்.

"பெத்தவ நீ."

பாப்பம்மாள் உள்ளே போனாள். லீலாவின் கையைப் பிடித்து இழுத்து வந்து, வெயிலில், டீச்சர் முன்னால் நிறுத்தினாள். வாயைத் திறக்கவில்லை. மரகதம் முறத்தை வைத்துவிட்டு உள்ளே போய், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகத் திரும்பினாள். மற்றக் கதவுகளும் திறக்கின்றன. தெருவில் ஒரு பேச்சு இல்லை.

இங்கே ஒரு எண் எழுத வேண்டும். நான் எழுதப்போவதில்லை. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணுவதானால் மனசுக்குள் எண்ணுங்கள்.