பார்க்க வேண்டிய பத்து இடங்கள்

அந்தச் சுவிஸ் மலைக் கிராமத்தில் பார்க்க வேண்டிய இடங்கள் பத்து. பத்தையும் உதயகலா யாழ்ப்பாணத்து அச்சுவேலியில் இருந்துகொண்டே தலைகீழாகச் சொல்வாள். மலைச்சரிவில் படிப்படியாக ஏறும் முந்திரிகைக் கொடித் தோட்டம், முந்நூறு வருடப் பழைய வைன் நிலவறை, குமிழ்க் கோபுரம் வைத்த தேவாலயம், பள்ளத்தாக்கின் மேல் தொங்கு பாலம். கணவன் கேதீஸ்வரன் அனுப்பிய சுற்றுலாக் கையேட்டைத் தமிழாக்கி, கொப்பியில் எழுதி, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரிப் பாடமாக்கியிருந்தாள்.

கலியாணமாகி இரண்டு வருடம். அவன் வந்து நின்றது இருபத்தாறு நாள். இனிச் சேர்ந்து வாழ்வது கொழும்பில் நடக்கப்போகும் விசா நேர்முகத்தில்தான் இருந்தது. இவள் இங்கே சொல்வதும் அவன் அங்கே சொன்னதும் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் விசாவுக்காகச் செய்த கலியாணம் என்று தள்ளிவிடுவார்கள்.

அந்தப் பத்தில் ஒன்றைக்கூடக் கேதீஸ்வரன் சுற்றிப் பார்க்கப் போனதில்லை. அவனுக்கு ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் கோப்பை கழுவுகிற வேலை. முந்திரிகைக் குலை பிடுங்கும் காலத்தில் லீவு நாளிலும் கூடை சுமக்கப் போவான். கலியாணம் முடிந்த மூன்றாம் நாளே இதை உதயகலாவிடம் சொல்லிவிட்டான். ஊருக்கு அவன் ஹோட்டல் மனேச்சர். சம்பந்தம் பேசியவர் அப்படிச் சொன்னார், இரண்டு வீட்டாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவனை ஒருமுறை மனேச்சர் என்று சொல்லிவிட்டால், பிறகு அவன் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி நோட்டீசில் மனேச்சர்தான்.

"கேட்டா உள்ளதைச் சொல்லும்," என்று நேர்முகத்துக்கு முதல்நாள் போனில் சொன்னான். "நானும் உள்ளதைத்தான் சொன்னனான்."

"ஓம்," என்றாள்.

நேர்முகத்தில் கேள்வி கேட்டவர் வெள்ளைக்காரர். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண். தொடங்குமுன் அவள் சிரித்துக்கொண்டு, "நீங்கள் அச்சுவேலியோ? என்ரை மனிசன்ரை ஆக்களும் அங்கைதான்," என்றாள்.

கிராமத்தைப் பற்றிக் கேட்டார்கள். பத்து இடத்தையும் ஒப்புவித்தாள். கணவர் அங்கெல்லாம் போவாரா என்றார்கள்.

"ஞாயிற்றுக்கிழமையிலை போறவர். தொங்கு பாலம் அவருக்கு நல்ல விருப்பம்."

என்ன வேலை என்றார்கள். உண்மை தொண்டைவரை வந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். இந்த வாய் வழியாகத்தானே அது போகவேண்டும், நாளைக்கே அச்சுவேலிச் சந்தைக்கும் வந்துவிடும் என்று நினைத்தாள். "மனேச்சர்," என்றாள். அதை மொழிபெயர்க்கக்கூடத் தேவைப்படவில்லை.

மூன்று மாதத்தில் கடிதம் வந்தது. கணவரின் அன்றாட வாழ்க்கையை மனைவி அறிந்திருக்கவில்லை, ஆகவே இதை உண்மையான திருமணமாக ஏற்க முடியாது என்று எழுதியிருந்தது. அறிந்திருக்கவில்லையாம். சவர்க்காரத் தண்ணீரில் ஊறி அவனுக்கு எந்த விரலில் தோல் உரிந்திருக்கிறது என்பதுவரை அவளுக்குத் தெரியும். பாவி, அதையாவது சொல்லியிருக்கலாம்.

வாசல்படியில் இருந்து அவனுக்கு வீடியோ அழைப்பு எடுத்தாள். கடிதத்தை வாசித்துக் காட்டினாள்.

"அந்த மனிசி எங்கடை ஊர்ச் சம்பந்தமப்பா," என்றாள். "அவவுக்கு முன்னாலை எப்பிடிச் சொல்லுறது?"

"எனக்கும் தமிழ் ஆள்தான் மொழிபெயர்த்தது. அந்தாளும் யாழ்ப்பாணம்தான், புங்குடுதீவு ஆள்," என்றான் கேதீஸ்வரன். "அந்தாளுக்கு முன்னாலைதான் கோப்பை கழுவுறன் எண்டு சொன்னனான். நீர் வரவேணும் எண்டுதானே சொன்னனான்."

அவளுக்கு அழுகை முட்டியது. "திருப்பி எழுதுவம். எல்லாருக்கும் உள்ளதைச் சொல்லுறன். இனி எனக்கு ஒருத்தரும் பெரிசில்லை."

"மெய்யாவோ?"

அவள் வாய் திறக்குமுன், வேலிப் படலையடியில் அம்மாவின் குரல் கேட்டது. பக்கத்து வீட்டு ஞானாம்பிகை விசா என்னவாயிற்று என்று கேட்டிருக்க வேண்டும்.

"வந்தமாதிரித்தான்," என்று அம்மா உரத்துச் சொன்னாள். "மருமோன் அங்கை மனேச்சரெல்லோ, லீவெடுக்கேலாமல் கிடக்காம். அதுதான் பிந்துது." பிறகு மகளின் பக்கம் திரும்பி, "என்ன பிள்ளை?" என்றாள்.

ஞானாம்பிகை படலைக்கு மேலால் எட்டி உதயகலாவைப் பார்த்தாள். போனில் அவனும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓம்," என்றாள் உதயகலா.

திரும்பியபோது திரையில் அவன் இல்லை.