தலைவர் வீட்டுத் தலைப்பிரசவம்

புறப்பட்ட ஜீப்பின் முன்னால் பாய்ந்து, இரண்டு கைகளையும் விரித்து நின்றார் நெசவாளி தனகோடி.

"தலைவரே! எம் பொண்ணு கற்பகம் நர்சிங் ஹோம்ல ஜுரத்துல துடிச்சிகினு கீறா. ஜீப்பக் குடுங்க, ஜல்தியா வேலூருக்குக் கொண்டு போவணும்!"

ஆரணியின் அந்தப் புது நர்சிங் ஹோமில் பிரசவ ஆபரேஷனுக்குப் பிறகு ஜுரம் கண்டு ஏற்கெனவே இரண்டு பெண்கள் இறந்திருந்தார்கள். ஊரே திரண்டு மனு கொடுத்தது. "விசாரிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்ட கட்சித் தலைவர் தாமோதரன் யாரையும் விசாரிக்கவில்லை. அதற்குப் பதில் மேடையேறி, "என் மகளின் தலைப்பிரசவமே அங்கேதான்!" என்று முழங்கினார். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே? மகளும் வளைகாப்பு முடிந்து ஆரணிக்கு வந்திருந்தாள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதை நம்பித்தான் தனகோடியும் கற்பகத்தை அங்கே சேர்த்தார்.

"புள்ள பெத்தா ஜுரம் வராதாய்யா? அவரு நல்ல டாக்டரு. நான் சந்தவாசல் கூட்டத்துக்குப் போய்கினு இருக்கேன், வழிய விடு" என்றார் தாமோதரன்.

"அங்கயும் அந்த நர்சிங் ஹோமுக்கு ஆள் புடிக்கவா போறீங்க?"

தாமோதரனின் முகம் சிவந்தது. டிரைவர் ஹாரனை அழுத்தினான். தனகோடி நகரவில்லை.

பின்சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த தலைவரின் மனைவி ரேணுகாம்பாள், கண்கலங்கக் கணவரின் தோளைத் தொட்டாள்.

"பாவங்க. நாம வேலூருக்குத்தானே போறோம், அந்தப் பொண்ணையும் ஏத்திக்கலாம். நம்ம பொண்ணு நேத்து புள்ள பெத்தாளே, அதே ஆஸ்பத்திரியில சேத்துடலாங்க."